நொச்சிவலசு மாடுகளுக்கு நோய் வருவதில்லை

மாடுகளின் கழுத்தில் பெல்ட்டு ஏறிய நாளிலிருந்து நொச்சிவலசில் எந்த மாட்டுக்கும் நோய் வந்ததில்லை. மடிநோய் இல்லை, குளம்பு வீக்கம் இல்லை, வயிற்று உப்புசம் இல்லை, கோமாரிகூடப் பக்கத்து ஊர் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது என்று பால் சொசைட்டிச் சுவரில் பச்சைப் பெயிண்டால் எழுதி வைத்திருந்தார்கள். எழுதியதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. ஆனால் நோய் ஊரை விட்டுப் போய்விட்டதா என்று கேட்டால், அது எங்கே போகும்? மாட்டின் மேலிருந்து இறங்கி, இரண்டடி தள்ளி நின்று, அந்த மாட்டுக்குப் பெல்ட்டைக் கட்டிய கை யாருடையதோ அந்த ஆளின் மேல் ஏறிக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது.

துளசிமணிக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை, கோபம்தான் இருந்தது. கோபம் அவளுக்குப் புதிதும் இல்லை. கிணற்று மோட்டாரில் கரண்டு பட்டுப் புருசன் போனபிறகு இரண்டு கறவை மாடுகளை வைத்துக்கொண்டு ஒற்றை மகளைக் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்தவள் அவள். பால் ஊற்றும் இடத்தில் அளவு ஒரு விரல்கடை குறைந்தாலும் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்க்கும்படி கேட்டுவிடுவாள். அவள் கேனைத் தூக்கிக்கொண்டு வருவதைத் தூரத்தில் பார்த்ததுமே சொசைட்டிக்காரர்கள் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

பெல்ட்டின் மேல் குறை சொல்லிப் பயனில்லை. கறுப்பு ரப்பர் பட்டை, நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டப்பா. மாடு எவ்வளவு அசை போடுகிறது, எவ்வளவு நடக்கிறது, எவ்வளவு நேரம் படுத்திருக்கிறது, உடம்பு சுடுகிறதா என்று அந்த டப்பா ஓயாமல் கணக்குப் பார்த்துச் செல்போனுக்கு அனுப்பும். மாடு நன்றாக இருந்தால் போனில் பச்சைப் புள்ளி, ஏதாவது கோளாறு என்றால் சிவப்புப் புள்ளி, கூடவே ஒரு ஊளைச் சத்தம். மற்ற ஊர்களில் அது சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தது. மனுசன் கண்ணுக்குத் தெரியும் முன்னமே சிவப்புக் காட்டி எத்தனையோ மாடுகளைக் காப்பாற்றியது. நொச்சிவலசிலும் காப்பாற்றியிருக்கும். ஆனால் பெல்ட்டுக் கட்டும் விழாவன்று சொசைட்டித் தலைவர் குழந்தைவேலு மைக்கைப் பிடித்து, "நம்ம ஊர்ல செவப்புன்னு ஒண்ணு வரவே கூடாதுங்க" என்று மூன்று தரம் சொன்னார். சுற்றிலும் கண்ணுக்குத் தெரிந்ததும் தெரியாததுமாக எத்தனையோ நின்றிருந்தன, அவற்றில் ஏதோ ஒன்று அதைக் காதில் வாங்கிக்கொண்டது போலிருக்கிறது.

முதலில் அகப்பட்டது ராமாத்தாள். பேரன் பேத்தி எடுத்த பொம்பளை. ஒருநாள் காலையில் மார்பு கல்லாக வீங்கி அனலாகக் கொதிக்க, முனகிக்கொண்டு கிடந்தாள். முந்தின நாள் பெல்ட்டுக் கட்டுகிற வரைக்கும் திரிதிரியாகப் பால் கறந்துகொண்டிருந்த அவளுடைய செவலை மாடு, அன்று பொன்னாட்டம் பால் கொடுத்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை எதுவும் கேட்கவில்லை, மாட்டு நோய்க்கு மனுசர் மாத்திரை எப்படிக் கேட்கும்? கால்நடை டாக்டர் ரெஜினா வந்து மாட்டின் மடியை அமுக்கிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. ராமாத்தாளைப் பார்த்தாள், பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்தாள். பிறகு மாட்டைக் குளிப்பாட்டுவதற்காக ராமாத்தாளே எழுந்து போய்ப் பெல்ட்டை அவிழ்த்தபோதுதான் விசயம் வெளிச்சத்துக்கு வந்தது. அவளுடைய வீக்கம் அங்கேயே வடிந்தது, மாடு வலியில் உதைத்தது, போன் ஊளையிட்டது. ரெஜினா ஊசி போட்டாள், மாடும் தேறிவிட்டது.

ஊர் இதைப் பிடித்துக்கொண்டது. கட்டிய கையே அவிழ்க்க வேண்டும், வேறு யார் அவிழ்த்தாலும் அறுத்தாலும் நோய் இருந்த இடத்தை விட்டு அசையாது. அவிழ்த்தால் மாட்டுக்குப் போகும், மாட்டுக்கு மருந்திருக்கிறது, தீர்ந்தது கதை. இதில் என்ன கஷ்டம் என்றுதான் துளசிமணி நினைத்தாள். நல்ல மனுசர் இருக்கிற ஊராக இருந்தால் கதை அங்கேயே முடிந்தும் இருக்கும்.

ஊசி போட்ட மாட்டின் பாலை, மருந்து வடிகிற வரைக்கும் பெல்ட்டுக் கொடுத்த பால் கம்பெனி எடுக்காது. ஒரு சிவப்புப் புள்ளி வந்தால் கம்பெனி ஊருக்குப் போடுகிற மார்க்குக் குறையும், மார்க்குக் குறைந்தால் மாவட்டத்தில் முதலிடம் போய்விடும். எனவே சொசைட்டியில் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் கேனோடு வெளியே வெயிலில் நின்றிருந்தார்கள். நோய் தானாக வந்தது தானாகப் போகட்டும், யாரும் அவசரப்பட்டு அவிழ்க்க வேண்டாம் என்று முடிவானது. முடிவெடுத்த அன்று சாயந்திரமே, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் வீட்டுக்குப் போய், தாங்கள் கட்டிய பெல்ட்டுகளைத் தங்கள் கையாலேயே அவிழ்த்துவிட்டு, வேறு கை தேடினார்கள்.

முதலில் கூலிக்கு ஆள் பிடித்தார்கள். பிகாஷ் என்று ஒரிசாப் பையன் ஒருவன் பத்துப் பன்னிரண்டு வீட்டு மாடுகளுக்குக் கட்டினான். குளம்பு நோவு வந்ததும் விசயம் புரிந்து, பெல்ட்டை அவிழ்க்கக்கூட நிற்காமல் நொண்டி நொண்டியே ரயிலேறிப் போய்விட்டான். இங்கே அந்த மாடு துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தது, அவன் அங்கே கட்டிலில் கிடந்திருப்பான். அதற்குப்பிறகு கூலிக்கு யாரும் வரவில்லை. கூலி கேட்காத கை வீட்டுக்குள்ளேயே இருக்கிறதே என்று யாருக்கு முதலில் தோன்றியதோ, அவன் நன்றாக இருக்கமாட்டான்.

அப்படித்தான் ஊரிலுள்ள மருமகள்கள் எல்லாரும் பெல்ட்டுக் கட்டினார்கள். கல்யாணத்திலும் அது ஒரு சீராகச் சேர்ந்துகொண்டது. புதுப்பெண் வலதுகாலை எடுத்து வைத்து உள்ளே வந்து, விளக்கேற்றி, பாலும் பழமும் சாப்பிட்டதும், கல்யாணச் சீர் நடத்துகிற அருமைக்காரர் அவளை மாடுகள் நிற்கிற கட்டுத்தறிக்கு அழைத்துப் போவார். ஒவ்வொரு மாட்டுக்கும் பொட்டு வைத்து அவள் பெல்ட்டு மாட்டுவாள், மேளம் கெட்டிமேளமாகக் கொட்டும். பெல்ட்டுச் சீர் என்று அதற்குப் பெயரும் வைத்து, நாலு தலைமுறையாக நடந்து வருகிற வழக்கம் போலப் பத்திரிகையிலும் அச்சடித்தார்கள். பெண் கேட்டு வருகிறவர்களிடம் எத்தனை ஏக்கர் என்று கேட்ட காலம் போய், எத்தனை பெல்ட்டு என்று கேட்கிற காலம் வந்தது.

மற்றதெல்லாம் தானாகப் பழகிவிட்டது. ஆஸ்பத்திரி நர்சு பெயரை எழுதுவதற்கு முன்னால், "எந்த மாடுங்கக்கா?" என்று கேட்டாள். கோயிலில் பார்த்துக்கொண்டால், "எனக்குக் காரியோட காச்சல், உனக்கு?" என்று பெண்கள் விசாரித்துக்கொண்டார்கள். மழைக்காலத்தில் பாதி ஊர்ப் பெண்கள் ஒரே மாதிரி நொண்டினார்கள், பஸ் கண்டக்டர் அவர்களுக்காகக் கூடுதலாக ஒரு விசில் நேரம் நிறுத்தினான். மாடு பருவத்துக்கு வருவதையும் பெல்ட்டு காட்டும். அந்த ஒன்று மட்டும் மாட்டோடு நின்றுவிட்டதற்காகச் சாமிக்குப் பொங்கல் வைத்தார்கள். பெண்டாட்டிக்கு வயிறு உப்பும் என்று தெரிந்தே பால் கூட வேண்டுமென்று மாட்டுக்கு ஒரு படி மாவு அதிகமாகக் கரைத்து வைத்தவர்கள், அந்தப் பொங்கலை வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டார்கள்.

பெரியதோட்டத்து மருமகள் சுகந்தி செத்ததும் அப்படி வயிறு உப்பித்தான், ஒரு மதியத்தில். மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஈரச் சோளப்பயிரில் புகுந்து மேய்ந்துவிட்டது. சுகந்தி அடுப்படியில் வயிறு ஊதி, மூச்சு முட்டி, உச்சி சாயும் முன்னே போய்ச் சேர்ந்தாள். அவள் கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு மாட்டிடம் ஓட அந்த வீட்டில் ஒருத்தருக்கும் கால் வரவில்லை. மாடு ஒரு ஏப்பம்கூட விடவில்லை, போனில் பச்சைப் புள்ளி அப்படியே நின்றது. ஊர் அழுதது, உண்மையாகவே அழுதது. அடுத்த மாசம் செத்தவள் கட்டிய பெல்ட்டை அறுத்துப் போட்டுவிட்டு வேறு கையைத் தேடினார்கள்.

துளசிமணி சுகந்தி செத்த அன்றைக்கே தன் இரண்டு மாடுகளின் பெல்ட்டையும் அவிழ்த்துக் கொண்டுபோய்ச் சொசைட்டி மேசையில் போட்டாள். பெல்ட்டில்லாத பாலை எடுக்கமாட்டோம் என்றார்கள். எடுக்காவிட்டால் போங்கடா என்று டவுனில் டீக்கடைகளுக்கு ஊற்ற ஆரம்பித்தாள். இதற்கு நடுவில்தான் குழந்தைவேலு தன் மகன் சதீசுக்கு அவளுடைய மகள் மேகலாவைக் கேட்டு வந்தார்.

ஊரில் எந்த வீட்டில் கொடுத்தாலும் பெல்ட்டு இருக்கும், எனவே அவள் கேட்டது ஒரே ஒரு வாக்கு. நிச்சயத்துக்கு உப்புச் சர்க்கரை மாற்றிய அன்று பத்துப் பேர் முன்னால், "எம்பட பொண்ணு உங்க ஊட்டுப் பெல்ட்டைத் தொடமாட்டா. அதுக்குச் சம்மதம்னா இருங்க, இல்லைன்னா காப்பி குடிச்சுட்டுக் கெளம்புங்க" என்றாள்.

"ஏனுங்க சம்பந்தியம்மா, எங்களைப் போயி அப்படி நினைக்கலாமுங்களா? புள்ளை மாதிரி வெச்சுக்குவோம்" என்று குழந்தைவேலு கும்பிட்டுச் சொன்னார்.

ஆடிக்கு மேகலா தாய்வீட்டுக்கு வந்தபோது இடதுகாலை இழுத்து இழுத்து வந்தாள்.

"என்ன அம்மிணி காலு?"

"காங்கிக்குக் குளம்புல சீழும்மா. நாளானிக்குச் செரியாயிரும், கிராஃப் எறங்கிட்டே வருது பாரு" என்று மேகலா போனை நீட்டினாள்.

துளசிமணி போனைத் தள்ளிவிட்டாள். "தொடமாட்டேன்னு வாக்குக் குடுத்தானுகளேடி!"

"நீ கெளம்பிப் போனதுக்கப்பறம், சீருக்கு ஒண்ணே ஒண்ணு கட்டு சாமின்னு அத்தை சொன்னாங்க. கட்டுனேன். அப்பறம் ஒண்ணை மட்டும் கட்டுனா மத்த மாடு கோவிச்சுக்கும்னு சொன்னாங்க."

மாடு கோவித்துக்கொள்ளுமாம். துளசிமணி எழுந்து நின்றுவிட்டாள். ஆனால் அவளை அதற்கு மேல் சுட்டது மகளின் முகம்தான், அதில் அழுகை இல்லை, ஒரு பெருமை இருந்தது. கம்ப்யூட்டர் படித்த பெண். ஊர் மாடுகள் அத்தனையின் கோடுகளையும் இப்போது அவள்தான் பார்க்கிறாள். எந்த மாடு நடை குறைகிறது, எது அசை போட மறக்கிறது என்று நாலு நாளைக்கு முன்னமே சொல்லிவிடுவாள், மாமனார் எதையும் அவளைக் கேட்காமல் செய்வதில்லை. "வேசாழக்கெழமை எனக்குக் காச்சல் வரும்னு தெரிஞ்சுதும்மா, புதங்கெழமையே மாவாட்டி வெச்சுட்டேன்" என்றாள். எத்தனை சாமர்த்தியம்! தன் காய்ச்சலைத் தானே தேதி குறித்து வைத்து, அதற்கு முன்னால் வீட்டு வேலையை முடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிற சாமர்த்தியத்துக்காகவா பிள்ளையைப் படிக்க வைத்தோம் என்று துளசிமணிக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

குழந்தைவேலுவின் கட்டுத்தறியில் சீமாட்டி என்று ஒரு மாடு இருந்தது. பேருக்கேற்ற மாடு, கறந்தால் நுரை கேனை விட்டு வெளியே வரும். அது நிறைசினை. டாக்டர் ரெஜினா டவுனில் துளசிமணியைப் பார்த்தபோது வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"பெல்ட்டு வர்றதுக்கு முன்னாடி அது கன்னு போட்டப்பவே எந்திரிக்கமுடியாமப் படுத்துருச்சுங்க. அதைப் பால் காய்ச்சல்னு சொல்லுவோம், பேருதான் காய்ச்சல், உடம்பு ஜில்லுன்னு ஆயிரும். அத்தனை பால் கறக்கற மாடு, ஒடம்புல இருக்கற சுண்ணாம்புச் சத்தெல்லாம் மடிக்கு எறங்கிரும். ஒரு பாட்டில் கால்சியம் நரம்புல ஏத்துனா அரை மணியில எந்திருச்சுரும். ஏத்தலைன்னா அன்னிக்கே முடிஞ்சுரும். இந்தத் தடவையும் வரும்."

"மாடு நிக்குமுங்க டாக்டர். எம் பொண்ணுதான் நிக்கமாட்டா."

"தெரியும். மாட்டுப் பாட்டிலை அவளுக்கு ஏத்த முடியாது, ஏத்தினாலும் கேக்காது. சொல்லிப் பாத்துட்டேன், அந்தாளு காதுலயே வாங்கலை" என்றாள் ரெஜினா.

துளசிமணி அப்படியே பஸ் ஏறிச் சம்பந்தி வீட்டுக்குப் போனாள். வாசலில் பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். மாவட்டத்திலேயே நோயில்லாத ஊர் என்று கம்பெனி கேடயம் கொடுக்கப்போகிறது, விழா தலைவர் வீட்டு வாசலிலேயே நடக்கப்போகிறது.

"சம்பந்தி, சீமாட்டியோட பெல்ட்டை மேகலா அவுத்தரட்டும். மாடு கன்னு போடட்டும், டாக்டரம்மா ஊசி போடட்டும். அப்பறம் என்னமோ பண்ணித் தொலைங்க."

"அதெப்படிங்க? இன்னிக்கோ நாளைக்கோ கன்னு போடற மாடு. கம்பெனி மேனேஜருக வாறாங்க, டிவிக்காரங்க வாறாங்க. பெரிய ஸ்கிரீன் வெச்சு நம்மூர் மாடு அத்தனையும் காட்டப் போறாங்க. அதுல நம்மூட்டு மாடே செவப்பா நின்னா நல்லாவா இருக்கும்?"

"எம் பொண்ணு செத்துப்போவாளுங்க."

"நல்ல நாளும் அதுவுமா வாயில அப்படி வரலாமுங்களா? ஒரு நாள் பொழுது. நாங்க பாத்துக்கமாட்டமா?"

"அப்ப நீங்க கட்டிக்கங்க."

குழந்தைவேலு பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "எனக்குப் பிரசர் இருக்குதுங்களே. அலையவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கறாரு."

துளசிமணி மருமகனைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை."

சதீசு பந்தலின் ஓலையைப் பார்த்தான். "அப்பா சொன்னா செரியாத்தான் இருக்குமுங்க அத்தை."

கடைசியாக மகளிடம் போனாள். வாடி வீட்டுக்கு என்று கையைப் பிடித்து இழுத்தாள். "எங்க போனா என்னம்மா, பிகாசு ஒரிசாவுக்கே போனான். நோவு கூடவே போகலையா?" என்றாள் மேகலா. அப்படியானால் அவிழ்த்து விடு என்றாள். மேகலா தலையைக் குனிந்துகொண்டாள். "என்னாலதான் செவப்பு வந்துச்சுன்னு பேரு வரக் கூடாதும்மா. ஊர்க் கோடு பூரா நான் பாக்கறது. விழா முடிஞ்ச நிமிசம் அவுத்தர்றேன், உம்மேல சத்தியமா." தன் மேல் சத்தியம் செய்துவிட்டுச் சாகப்போகிற பிள்ளையை என்ன செய்வது என்று தெரியாமல் துளசிமணி கட்டுத்தறித் தூணில் தலையை முட்டிக்கொண்டாள்.

விழாவன்று காலையில் சீமாட்டி கிடாரிக் கன்று போட்டது. பந்தலில் எல்லாரும் கைதட்டினார்கள். பெரிய ஸ்கிரீனில் நொச்சிவலசு மாடுகள் பச்சைப் பச்சையாக நிறைந்து நின்றன. மேகலா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு விருந்தாளிகளுக்குக் காப்பி கொண்டுவந்தாள். மேனேஜருக்கு முன்னால் டம்ளர் அவள் விரலிலிருந்து நழுவியது. சிரித்துக்கொண்டே குனிந்தாள், குனிந்தவள் நிமிரவில்லை.

அடுப்படிக்கு அவளை இழுத்துப் போனார்கள். காலிரண்டையும் மடித்து, கழுத்தை விலாப்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, கன்று போட்டுப் படுத்த மாடு எப்படிப் படுக்குமோ அப்படியே மேகலா படுத்திருந்தாள். துளசிமணி காதைத் தொட்டுப் பார்த்தாள், ஜில்லென்றிருந்தது. யாரும் சொல்லாமலே பெண்கள் வைக்கோல் மூட்டையை இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார்கள், மாடு ஒருக்களித்து விழாமலிருக்க வைப்பது போல. எத்தனை பேருக்கு இப்படி வைத்துப் பழகிய கைகள்! வெளியே மைக்கில் மேனேஜர், இந்த ஊர்ப் பெண்கள் மாட்டைத் தங்கள் உயிரைப்போலப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்.

"தூக்குங்கடி" என்றாள் துளசிமணி.

கட்டுத்தறிக்குக் கொல்லைப்பக்கமாகவும் போகலாம். அவள் பந்தல் வழியாகத்தான் போனாள். ராமாத்தாள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், நடுவில் பட்டுப்புடவையும் தொங்குகிற தலையுமாக மேகலா. நாற்காலிகளுக்கு நடுவில், கேமராவுக்கு முன்னால், ஸ்கிரீனின் பச்சை வெளிச்சம் மூவர் மேலும் விழ விழ நடந்தார்கள். "மருமகளுக்கு வெயில்ல லேசா மயக்கமுங்க" என்று குழந்தைவேலு மைக்கில் சொன்னது காதில் விழுந்தது. கட்டுத்தறி வாசலில் சதீசு குறுக்கே நின்றான்.

"அத்தை, இன்னும் பத்து நிமிசம், கேடயம் குடுத்தரட்டும்..."

"வழியை உடுடா."

மருமகனை அப்படி அழைக்கிற மாமியார் அந்த ஊரில் அதுவரை இருந்ததில்லை. அவன் விலகினான்.

சீமாட்டி கன்றை நக்கிக்கொண்டு ஜம்மென்று நின்றது. துளசிமணி மகளின் கையை எடுத்துப் பெல்ட்டுக் கொக்கியின் மேல் வைத்தாள். விரல் ஐந்தும் நழுவி விழுந்தன. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தன. "கண்ணு, நான் புடிச்சுக்கறேன், நீதான் இழுக்கோணும். கேக்குதா? எனக்காக ஒரே ஒரு இழுப்பு. மேகலா! அடியே மேகலா!" என்று காதில் கத்தினாள். எங்கேயோ ஆழத்திலிருந்து ஒரு விரல் மடங்கியது. பட்டை கழன்று விழுந்தது.

பந்தலில் இருந்த அத்தனை போன்களும் ஒன்றாக ஊளையிட்டன. ஸ்கிரீனில் பச்சைக்கு நடுவில் ஒரு சிவப்பு. சீமாட்டியின் முன்னங்கால்கள் மடங்கின, பிறகு பின்னங்கால்கள், கழுத்து விலாப்பக்கம் திரும்பியது. மேகலாவின் காதில் சூடு ஏறிக்கொண்டிருந்தது. ரெஜினா விருந்தாளியாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவள், பாட்டிலை எடுக்க வண்டிக்கு ஓடினாள்.

குழந்தைவேலு வந்தார், அவருக்குப் பின்னாலேயே மேனேஜரும் கேமராவும் வந்தார்கள். மேனேஜர் டவுன்காரர், நல்ல மனுசர், கீழே கிடந்த பெல்ட்டைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "ஒண்ணுமில்லை, பெல்ட் கழண்டிருக்கு, அதான் ரெட் காட்டுது. மாட்டிட்டா சரியாயிடும். தலைவரே, உங்க கையாலயே மாட்டுங்க, கேமராவுல நல்லா இருக்கும்."

குழந்தைவேலு பெல்ட்டை எடுத்துக்கொண்டு ஒரு கையைத் தேடினார். பெண்டாட்டி தெய்வானையைப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். மகனைப் பார்த்தார், சதீசு கைகளைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். ராமாத்தாளும் மற்றப் பெண்களும் ஓரடி பின்னால் போனார்கள். மேனேஜர் காத்திருந்தார், கேமரா காத்திருந்தது, ஸ்கிரீனில் சிவப்பு முழித்துக்கொண்டிருந்தது. இவர்கள் கார் ஏறியதும் அவிழ்த்துவிட்டால் போகிறது என்று குழந்தைவேலு நினைத்திருப்பார். பல்லைக் காட்டிச் சிரித்தபடி குனிந்து கொக்கியை மாட்டினார்.

பச்சை வந்தது. சீமாட்டி எழுந்து உடம்பை உதறிக்கொண்டது. எல்லாரும் கைதட்டினார்கள். குழந்தைவேலு அந்தச் சிரிப்பு மாறாமலே மெல்லக் காலை மடித்துச் சாணித் தரையில் உட்கார்ந்தார். விவசாயி மாட்டோடு உட்கார்வது ரொம்ப இயல்பாக இருக்கிறதென்று மேனேஜர் கேடயத்தை அவர் மடியிலேயே வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார், அடுத்த ஊர் விழாவுக்கு நேரமாகிறதென்று கிளம்பியும் போய்விட்டார். ரெஜினா பாட்டிலோடு மூச்சிரைக்க ஓடி வந்து, நிற்கிற மாட்டையும் படுத்திருக்கிற மனுசனையும் பார்த்து, "யாருக்குப் போடறது?" என்றாள்.

தெய்வானை ஓவென்று அழுதாள். "சம்பந்தி, அவரு கையைப் புடிச்சு இழுக்க வைங்க. தூக்குங்கடா, யாராவது தூக்குங்கடா!"

துளசிமணி போய்ச் சீமாட்டிக்கும் குழந்தைவேலுவுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ராமாத்தாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு நொண்டுகிறவளும், இருமுகிறவளும், மார்பு கட்டியவளுமாக ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள்.

"காப்பாத்தலாமுங்க. ஏன் காப்பாத்தக் கூடாது?" என்றாள் துளசிமணி. "மொதல்ல இந்தக் கட்டுத்தறியில இருக்கறது அத்தனையும் அவுரட்டும். அப்பறம் ஊர்ல இருக்கறது. இது கடைசி."

மேகலா தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒவ்வொரு மாடாகப் போய், தான் கட்டியதைத் தானே கழற்றினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊளை. வெளியே நொச்சிவலசு ஆண்கள் ஓடினார்கள். சுகந்தி வயிறு ஊதிக் கிடந்தபோது நடக்கக்கூடக் கால் வராதவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படுத்திருக்கிற மனைவியை, மருமகளை, அண்ணியைத் தோளில் தாங்கி, டி.வி.எஸ் வண்டியில் முன்னால் உட்கார வைத்துக் கட்டுத்தறி கட்டுத்தறியாகக் கொண்டுபோனார்கள். அவர்கள் அவிழ்க்க அவிழ்க்க மாடுகள் நொண்டின, இருமின, உப்பின. ரெஜினா ஊசிப் பெட்டியோடு வண்டிக்குப் பின்னால் போனாள்.

சாயந்திரப் பால் நேரத்துக்குச் சதீசு திரும்பி வந்தான். சட்டை வேர்த்து ஒட்டியிருந்தது. அப்பாவின் தலை விலாப்பக்கம் திரும்பியிருந்தது, கண் மட்டும் துளசிமணியையே பார்த்துக்கொண்டிருந்தது. "போதுமுங்களா அத்தை? ஒடம்பு ஐஸாயிருச்சுங்க" என்று கெஞ்சினான்.

வைக்கோல் மூட்டையில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்த மகளைத் துளசிமணி கேட்டாள்.

"இன்னும் பச்சை இருக்குதா அம்மிணி?"

மேகலா திரையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "மேக்கால வளவுத் தெருவுல ரெண்டு இருக்குதும்மா."

"அப்பப் படுத்திருக்கட்டும்."